டச் டேங்க்குக்கு யாரு காசு கட்றது? அக்வேரியம் எஜுகேஷன் டீமுக்கு கிராண்ட், பட்ஜெட் பாக்குறது எப்படி

நான் பி.காம். படிச்சவ. மீன்னா வஞ்சிரமா சங்கராவான்னு பாத்து வாங்கத் தெரியும், அவ்ளோதான். சென்னைல ஒரு டிரஸ்ட் நடத்துற சின்ன அக்வேரியத்துல வவுச்சர் எழுதுற வேலைக்குத்தான் போனேன், கொஞ்ச நாள்லயே எஜுகேஷன் டீமோட கிராண்ட் எல்லாம் நீயே பாத்துக்கம்மான்னு தலைல கட்டிட்டாங்க, ப்ரொபோசல் எழுதுறதுலேருந்து கடைசில யூசி போட்டு கையெழுத்து வாங்குறது வரைக்கும். யூசின்னா யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட், குடுத்த காசு குடுத்த காரியத்துக்கே செலவாச்சுன்னு ஆடிட்டர் சைன் பண்ற பேப்பர். ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு வந்து காட்டுறது, கடலோர ஸ்கூலுக்கு நாமளே போயி சொல்லிக் குடுக்குறது, சம்மர் கேம்ப், டச் டேங்க் (பசங்க கை விட்டு கடல் உயிரினங்கள தொட்டுப் பாக்கற தொட்டி), இதெல்லாம் நடத்துற டீமுக்கு காசு எப்படிக் கேக்கணும், வந்த காசை எப்படி வெச்சுக்கணும்னு பட்டுத் தெரிஞ்சுகிட்டத எழுதறேன். மியூசியம், ஸ்னேக் பார்க்னு வேற எங்க இந்த வேலை பாத்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்னு மொதல்லயே சொல்லிடறேன். காசே இல்லாம நாங்க முழிச்சது கம்மி. காசு இருக்கும், ஆனா தப்பான மாசத்துல வந்திருக்கும், இல்ல வேற எதுக்கோன்னு பேர் எழுதி வந்திருக்கும், சிக்கல் எப்பவும் அங்கதான். அதனால தொகைய அப்புறம் பாருங்க, மொதல்ல தேதி.

நாலு காலண்டர்

ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல ஏப்ரல்லேருந்து அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் கட்டம் போட்டு செவுத்துல ஒட்டுங்க. எக்செல்லயும் போடலாம், ஆனா செவுத்துல இருந்தாதான் டீம்ல எல்லாரும் பாப்பாங்க. மொதல் வரி கணக்கு வருஷம், ஏப்ரல் 1 டு மார்ச் 31. ரெண்டாவது ஸ்கூல், ஜூன்ல தெறக்கும், செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, மார்ச்லேருந்து பப்ளிக் எக்ஸாம், முழு ஆண்டுன்னு யாரும் வெளிய விட மாட்டாங்க. மூணாவது வரி மழை. அக்டோபர் பாதிலேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, காலைல டிவில "சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பள்ளிகளுக்கு விடுமுறை"ன்னு ஓடுச்சுன்னா பசங்களுக்கு கொண்டாட்டம், நமக்கு பஸ் அட்வான்ஸும் ஆர்டர் குடுத்த 50 சாம்பார் சாதமும் போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப ஸ்கூல் எல்லாம் நாள் கணக்கா மூடிக் கெடந்தது ஞாபகம் இருக்கும்ல. நாலாவது வரி, காசு குடுக்குறவங்களோட காலண்டர்.

இந்த நாலையும் ஒன்னு மேல ஒன்னு வெச்சுப் பாத்தா, அரசு ஸ்கூல் பசங்கள நிம்மதியா கூட்டிட்டு வர்ற நாளு ஜூன் கடைசிலேருந்து செப்டம்பர் மொத வாரம் வரைக்கும், அப்புறம் பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி கடைசி வரைக்கும், அவ்ளோதான். கம்பெனி சிஎஸ்ஆர் காசு (லாபத்துல ஒரு பங்க சமூகக் காரியத்துக்கு செலவு பண்ணணும்னு கம்பெனிக்கு சட்டம் சொல்றது) எப்ப வரும்? ஏப்ரல்ல அவங்களுக்கு புது வருஷம், போர்டு பாஸ் பண்ணி, கமிட்டி கூடி, எம்ஓயு (ஒப்பந்தப் பேப்பர்) அவங்க லீகல் டீம்கிட்ட போயி ரெண்டு தடவ திரும்பி வந்து, மொத தவணை அக்கவுன்ட்ல ஏர்றப்ப தீபாவளி நெருங்கிடும். வெளில மழை கொட்டும். அந்தப் பக்கம் மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி முடிச்சுடுங்கன்னு மெயில் வேற. மொத வருஷம் நாங்க ஒரு ஆறு வாரத்துல வருஷம் பூரா ஓட்ட வேண்டிய ட்ரிப்ப ஓட்டினோம், எங்க எஜுகேட்டர் பொண்ணுக்கு தொண்டை கட்டி சைகைலதான் சுறா பத்தி சொல்லிக் குடுத்தா.

இதுக்கு நாங்க இப்ப பண்றது இதுதான். அடுத்த ஜூன்ல ஆரம்பிக்க வேண்டிய ப்ரோக்ராமுக்கு முந்தின டிசம்பர்லயே ப்ரொபோசல் குடுத்துடறது. லேட்டா காசு வந்தாலும் பஸ்ஸே வேணாத வேலைய மழை மாசத்துல வெச்சுக்கறது, டீச்சர் ட்ரெயினிங், ஒர்க்புக் எழுதி டிசைன் பண்றது, பிரிண்ட்டிங், ஸ்கூலுக்கு நாமளே மாடல் பொட்டிய தூக்கிட்டு போறது, இப்படி. இன்னொன்னு ரொம்ப பேருக்கு தெரியறதில்ல, சிஎஸ்ஆர் ப்ராஜெக்ட்ட கம்பெனி போர்டு ஆரம்பத்துலயே "ஆன்கோயிங் ப்ராஜெக்ட்"னு முடிவு பண்ணி எழுதி வெச்சா, மார்ச் 31 அன்னிக்கு செலவாகாத மிச்சத்த 30 நாளுக்குள்ள ஒரு தனி அக்கவுன்ட்ல போட்டு அடுத்த 3 வருஷத்துக்குள்ள அதே ப்ராஜெக்ட்டுக்கு செலவு பண்ணலாம். அப்படி எழுதலேன்னா 6 மாசத்துக்குள்ள அது அரசு சொல்ற ஃபண்டுக்குப் போயிடும். அதனால எம்ஓயு பேசறப்பவே "சார், இத ஆன்கோயிங்னு போட முடியுமா"ன்னு வாய் விட்டு கேளுங்க. மார்ச் மாசம் கேட்டா அவங்களாலயும் ஒன்னும் பண்ண முடியாது.

காசு குடுக்கறவங்க எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கும், ஜூன் 8 உலகப் பெருங்கடல் தினம், அன்னிக்கு 1,000 பசங்கள வெச்சு பெருசா ஒன்னு பண்ணலாம்னு. தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. ஜூன் 8ல ஸ்கூல் தெறந்து ஒரு வாரம் ஆயிருந்தா அதிசயம், அட்மிஷன், புக் குடுக்கறது, யூனிஃபார்ம்னு எச்எம் தலை நிமிர மாட்டாங்க. பிப்ரவரி 2 ஈரநில தினம் (பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார் தளம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம் வாங்கினதுலேருந்து அதுக்கு இங்க நல்ல மவுசு), பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், இந்த ரெண்டும் நம்ம காலண்டருக்கு அம்சமா உக்காரும்.

மீன்பிடித் தடைக் காலம் இருக்கே, ஏப்ரல் 15 டு ஜூன் 14, 61 நாள், அத எஜுகேஷன் டீம் யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. காசிமேட்டு மீனவ அண்ணன்மாருங்க கரைல இருக்கற நேரம், வலை பிரிச்சு தைக்கற நேரம், பசங்களுக்கு சம்மர் லீவு. வலை எத்தன வகை, எந்த மீன் எந்த ஆழம்னு அவங்க வாயால கேக்கணும்னா சம்மர் கேம்ப்லதான் முடியும். கேம்ப் பட்ஜெட்ல "வெளிப் பேச்சாளர்"னு ஒரு ஹெட் (செலவுத் தலைப்பு) போட்டு ஒரு ப்ரொஃபசருக்கு குடுக்கற அதே மதிப்பூதியத்த அவங்களுக்கும் போடுங்க.

ஒரு பையனுக்கு எவ்ளோ?

இந்தக் கேள்விய எல்லா டோனரும் கேப்பாங்க, அதுவும் போன்ல, நீங்க பஸ்ல தொங்கிட்டு இருக்கறப்ப. நான் ஒரு தடவ பஸ், ஸ்நாக்ஸ், ஒர்க்புக் மூணையும் மனசுல கூட்டி 277 ரூபான்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அவங்க உடனே 5,000 பசங்களுக்கு பண்ணுங்க, 14 லட்சம் தர்றோம்னுட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க, நான் மட்டும் ராத்திரி தூங்கல.

கணக்கு இப்படி. நம்பர் எல்லாம் புரியறதுக்காக போடறது, உங்க ரேட்ட நீங்க போட்டுக்கோங்க. 30 ட்ரிப், ட்ரிப்புக்கு 50 பசங்க, 2 டீச்சர், ஆக மொத்தம் 1,500 பசங்க. பஸ் ஒன்னு 10,000 வெச்சா 3,00,000. ஸ்நாக்ஸ் தண்ணி ஆளுக்கு 40, 52 பேரு, 30 நாள், 62,400. ஒர்க்புக் 35 ரூபா வீதம் 52,500. கூட்டினா 4,14,900, 1,500ஆல வகுத்தா 277 ரூபா. நான் சொன்னது இதுதான், இதுல சொல்லிக் குடுக்கற ஆளே இல்ல பாருங்க. எஜுகேட்டருக்கு சம்பளம் 20,000னா நமக்கு செலவு 20,000 கெடையாது, பிஎஃப் 15,000 சீலிங்ல 12 சதவீதம் 1,800, அட்மின் சார்ஜ் இன்சூரன்ஸுக்கு ஒரு 150, ஈஎஸ்ஐ 3.25 சதவீதம் 650, ஆக 22,600. வருஷத்துக்கு 2,71,200, தீபாவளி போனஸும் கிராஜுவிட்டியும் இன்னும் சேக்கல. டச் டேங்க்ல நம்ம பங்குன்னு ஒரு 60,000. இப்ப 7,46,100. இதுக்கு மேல ஆபீஸ் வாடகை, கரன்ட், ஆடிட்டர் ஃபீஸ், என் சம்பளத்துல கொஞ்சம்னு ஓவர்ஹெட் 10 சதவீதம் போட்டா 8,20,710. வகுத்துப் பாத்தா ஒரு பையனுக்கு 547. நான் சொன்னதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

கடைசில அந்த கம்பெனிகிட்ட திரும்பப் போயி, தப்பு என்னுதுதான்னு சொல்லி, கணக்க விரிச்சுக் காட்டி, அதே காசுக்கு 2,500 பசங்கன்னு எறக்கினோம். அவங்க திட்டல, ஆனா அந்த மீட்டிங்ல குடுத்த காபி எனக்கு எறங்கவே இல்ல. அன்னிலேருந்து போன்ல யார் கேட்டாலும் "ஷீட் பாத்து சாயங்காலம் அனுப்பறேன் சார்"தான்.

பஸ் ரேட் போடறப்ப டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் சேத்துக் கேளுங்க, மாமல்லபுரம் பக்கத்து ஸ்கூல்னா உத்தண்டி டோல் வேற. எந்த கொட்டேஷன்லயும் ஜிஎஸ்டி சேத்த தொகையத்தான் பட்ஜெட்ல போடணும், நமக்கு இன்புட் கிரெடிட் (வாங்கறப்ப கட்டின ஜிஎஸ்டிய கழிச்சுக்கற வசதி) கெடைக்காதுன்னா அந்த வரி முழுக்க நம்ம செலவுதான். ட்ரிப் 30ன்னா ஸ்லாட் 36 புக் பண்ணுங்க, ஆறு ட்ரிப்பாவது மழைல போயிடும். கேன்சல் சார்ஜுக்குன்னு தனி வரி போட்டா சில டோனருக்கு பிடிக்காது, அத பஸ் ரேட்லயே கொஞ்சம் தாராளமா வெச்சு, ஏன்னு குறிப்புல எழுதிடறது நல்லது. மறைச்சு வெக்காதீங்க, பின்னாடி கேப்பாங்க.

இப்ப டச் டேங்க்

எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் நடந்த சண்டை இது. டேங்க்க பாத்துக்கற அக்வாரிஸ்ட் பசங்க "அது எஜுகேஷன் டேங்க், உங்க பட்ஜெட்"னுவாங்க, எங்க டீம் "உசுரு உங்க பொறுப்பு, டிக்கெட் காசும் உங்களுக்குத்தான போகுது"ம்பாங்க. நடுவுல சில்லர் (தண்ணிய குளிர வெக்கற மெஷின்) மட்டும் சென்னை வெயிலுக்கு ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும்.

மொதல்ல செலவு எவ்ளோன்னு தெரியணும். டேங்க் 2,000 லிட்டர்னு வைங்க, வாரத்துக்கு 10 சதவீதம் தண்ணி மாத்தினா 200 லிட்டர், கடல் தண்ணில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு, ஆக வாரம் 7 கிலோ, வருஷத்துக்கு 364 கிலோ சால்ட் மிக்ஸ். கடல்லேருந்து நேரா பம்ப் பண்றோம், உப்பு எதுக்குன்னு கேப்பீங்க. மழை மாசத்துல ஆத்துத் தண்ணி கலந்து கரையோரத் தண்ணில உப்பு கொறஞ்சுடும், கலங்கலாவும் இருக்கும், அப்ப வாங்கித்தான் ஆகணும். கரன்ட்டுக்கு நாங்க ஒரு சப் மீட்டர் மாட்டினோம், அதோட சண்டைல பாதி முடிஞ்சுச்சு. மீதிய மணிக்கணக்கா பிரிச்சோம். டேங்க் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தெறந்திருக்கு, அதுல 2 மணி நேரம் ஸ்கூல் குரூப்புக்குன்னா நாலுல ஒரு பங்கு எஜுகேஷன் பட்ஜெட், மிச்சம் பொது. இத ஒரு பக்கத்துல எழுதி டிரஸ்டி கையெழுத்து வாங்கி ஃபைல்ல வைங்க. டோனரோட ஆடிட்டர் வந்தா "எந்த அடிப்படைல பிரிச்சீங்க"ன்னுதான் மொதல்ல கேப்பாரு, அந்த பேப்பர் இருந்தா அதோட அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு.

டேங்க்ல என்ன போடலாம்ங்கறதுலயும் பட்ஜெட் இருக்கு. ஒரு டோனர் ஆசையா கேட்டாங்க, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் காய வெச்சு ஒரு பொட்டில போட்டு ஸ்கூல் ஸ்கூலா குடுக்கலாமேன்னு. ரெண்டுமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, பவளமும் அப்படித்தான். எவனோ வெளில சல்லிசா விக்கறான்னு வாங்கி பில் போட்டா அந்த பில்லே நமக்கு எதிரான சாட்சி. ரெசின் மாடலுக்கு காசு கேளுங்க, வெல கூடதான், ஆனா உடையாது, புழு வெக்காது, வருஷா வருஷம் வாங்க வேணாம்.

யார் காசு, என்ன கண்டிஷன்

சிஎஸ்ஆர்: கம்பெனிச் சட்டம் 2013ல 135வது பிரிவு, கடைசி 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம், இதெல்லாம் அவங்க கவலை. நம்ம கவலை வேற. அக்வேரியம் ஒரு பிரைவேட் கம்பெனி பேர்ல இருந்தா நேரா இந்தக் காசு வாங்க முடியாது, டிரஸ்ட், சொசைட்டி, செக்‌ஷன் 8 கம்பெனி (லாப நோக்கம் இல்லாத கம்பெனி) இப்படி ஒன்னு வேணும், வருமான வரில பதிவு வேணும், சாதாரணமா 3 வருஷ அனுபவம் காட்டணும், சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும். அந்தச் சட்டத்தோட 7வது அட்டவணைல கல்வியும் இருக்கு, சுற்றுச்சூழல், உயிரினப் பாதுகாப்பும் இருக்கு, ரெண்டு கதவு. எத தட்டறதுன்னு முடிவு பண்ண அந்த கம்பெனியோட போன வருஷ ஆண்டறிக்கைல சிஎஸ்ஆர் பக்கத்த எடுத்துப் படிங்க. ஸ்கூல் கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ்னு இருந்தா கல்வின்னு போங்க, மரம் நடறது, ஏரி தூர் வார்றதுன்னா சுற்றுச்சூழல். ப்ரொபோசல் மொத பக்கத்துல நான் எப்பவும் ஒரு வரி போடுவேன், 1909லயே மெரினாவுல கடல் மீன் காட்சிசாலை தெறந்த ஊரு இதுன்னு. அத கட்டக் காரணமா இருந்தவரு மெட்ராஸ் மியூசியத்த பாத்துகிட்டிருந்த எட்கர் தர்ஸ்டன். சும்மா அலங்காரம்தான், ஆனா மீட்டிங்ல யாராவது ஒருத்தர் நிச்சயம் "அப்படியா?"ன்னு நிமிந்து உக்காருவாங்க.

அரசு கிராண்ட்: இதுல காசு கம்மி, பேப்பர் ஜாஸ்தி, ஆனா ஒரு தடவ ஒழுங்கா முடிச்சா நம்ம பேருக்கு ஒரு வெயிட் வரும். மத்திய அரசு கிராண்ட்னா பொது நிதி விதிகள் 2017 பொருந்தும், யூசிக்கு அதுல 12-ஏன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அந்த ஃபார்மட்ட விட்டு ஒரு கட்டம் கூட மாத்தாதீங்க. கிராண்ட் காசு பேங்க்ல சும்மா கெடந்து வட்டி ஏறிச்சுன்னா அந்த வட்டியும் நம்முது இல்ல, திருப்பிக் கட்டணும், இத மறந்துதான் நெறைய பேரு ரெண்டு வருஷம் கழிச்சு லெட்டர் வாங்கறாங்க. அந்தக் காசுல வாங்கின மைக்ரோஸ்கோப், ப்ரொஜெக்டர் எல்லாம் சொத்துப் பதிவேட்ல ஏத்தணும், அவங்கள கேக்காம விக்கவோ தூக்கிக் குடுக்கவோ கூடாது. ஒரு ஹெட்லேருந்து இன்னொரு ஹெட்டுக்கு காசு மாத்தணும்னா மொதல்ல எழுத்துல அனுமதி, அப்புறம் செலவு.

வெளிநாட்டுக் காசு: எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. பதிவுக்கே 3 வருஷம் நடந்திருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு காட்டணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் காசு மொதல்ல எஸ்பிஐ டெல்லி மெயின் பிராஞ்ச் அக்கவுன்ட்லதான் எறங்கணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்த தாண்டக் கூடாது, வந்த காசுல பங்கு போட்டு இன்னொரு அமைப்புக்கு குடுக்கவும் முடியாது. கடலோர கிராமத்துல வேலை பாக்கற சின்ன அமைப்போட சேந்து பண்றோம்னு ப்ரொபோசல்ல எழுதறதுக்கு முன்னாடி இத யோசிங்க. அப்புறம் நம்மூர் அங்கிள் ஒருத்தர் நியூஜெர்சிலேருந்து அனுப்பறேம்பாரு, அவர் கையில இருக்கறது இந்திய பாஸ்போர்ட்டா அமெரிக்க பாஸ்போர்ட்டான்னு கூச்சப்படாம கேளுங்க. இந்தியக் குடிமகனா இருந்து சொந்தக் காசு பேங்க் வழியா அனுப்பினா பிரச்சன இல்ல, அமெரிக்கக் குடிமகனா ஆயிருந்தா அது வெளிநாட்டுக் காசு, அவரு மயிலாப்பூர்லயே பொறந்திருந்தாலும் சரி.

தனி ஆளுங்க குடுக்கற சின்னச் சின்ன காசத்தான் நான் பெருசா மதிப்பேன். 500, 1,000னு வர்றதுல கண்டிஷன் கெடையாது, சிஎஸ்ஆர் தவணை லேட் ஆகறப்ப சம்பளம் போட இதான் கை குடுக்கும். 80ஜின்னு சொல்ற நன்கொடை வரிச் சலுகை வேணும்னா 2,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா அவங்களுக்கு கெடைக்காதுன்னு சொல்லிடுங்க, குடுத்தவங்க பேர் லிஸ்ட்ட மே 31க்குள்ள வருமான வரி போர்ட்டல்ல ஏத்திடுங்க. எங்க டிரஸ்ட்ல இப்ப ஒரு விதி, கண்டிஷன் இல்லாத காசுல 3 மாச சம்பளம் அளவுக்கு ஒரு எஃப்டி, அத ஒடைக்க ரெண்டு டிரஸ்டி கையெழுத்து.

பில், வவுச்சர், ரப்பர் ஸ்டாம்ப்

டாலி கணக்கு சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு கிராண்டுக்கும் ஒரு காஸ்ட் சென்டர் (தனி கணக்குப் பிரிவு) போடுங்க, இது எல்லா ஆடிட்டரும் சொல்றது. நான் சொல்றது அத விட மட்டமான டெக்னாலஜி, ஆனா நெறைய காப்பாத்தியிருக்கு. 200, 300 ரூபாய்க்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் பண்ணுங்க, அதுல கிராண்ட் பேர், ஹெட், தேதி, கையெழுத்துன்னு நாலு கோடு. பில் வந்த அன்னிக்கே ஒரிஜினல் மேல குத்திடணும். ஒரே பில்ல தெரியாத்தனமா ரெண்டு டோனர்கிட்ட காட்டறது நம்பவே முடியாத அளவுக்கு ஈசியா நடக்கும், குறிப்பா மார்ச் மாசம். ஸ்டாம்ப் இருந்தா கண்ணுலயே பட்டுடும்.

சம்பளத்துக்கும் இதே கததான். ஒரே எஜுகேட்டர் ரெண்டு கிராண்ட்ல வேலை பாத்தா 60:40ன்னு பிரிச்சு டைம்ஷீட் வெக்கணும். மாசக் கடைசில ஒக்காந்து ஞாபகத்துல எழுதற டைம்ஷீட்ட ஆடிட்டர் ஒரு பார்வைல கண்டுபிடிச்சுடுவாரு, எல்லா நாளும் ஒரே பேனா.

வாங்கற எடத்த பத்தி. பேப்பர், சார்ட், ஃபைல்னா பாரிஸ்ல ஆண்டர்சன் ஸ்ட்ரீட்தான், கலர் மீனுன்னா கொளத்தூர், வெல நல்லா இருக்கும், ஆனா பில் கேட்டா "எஸ்டிமேட்"னு ஒரு துண்டுச் சீட்டு குடுப்பாங்க பாருங்க, அது பில் இல்ல. டோனர் ஆடிட்ல மொதல்ல அடிபடறது அதான். கடைக்குள்ள கால் வெக்கறப்பவே "ஜிஎஸ்டி பில் வேணும்ணா, டிரஸ்ட் பேர்ல"ன்னு சொல்லிட்டு வெலய பேசுங்க, பேசி முடிச்சுட்டு கேட்டா மூஞ்சி மாறும். ஒரு நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுக்காதீங்க, வருமான வரில அந்தச் செலவ ஒத்துக்க மாட்டாங்க. பஸ்காரரு "மேடம் கேஷா குடுத்துடுங்க, டீசல் போடணும்"பாரு, அட்வான்ஸ் மட்டும் சின்னதா குடுத்துட்டு மிச்சத்த அக்கவுன்ட்ல போடுங்க.

பில்லே குடுக்க முடியாதவங்க இருக்காங்க. காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் கேம்ப்ல ரெண்டு மணி நேரம் பேசிட்டு, வவுச்சர நீட்டினா "பேசினதுக்கு கூட கையெழுத்தாம்மா? கடல்ல போறதுக்கே இவ்ளோ பேப்பர் இல்லயே"ன்னாரு. சிரிப்புதான், ஆனா வவுச்சர்ல பேரு, ஊரு, என்னிக்கு எத பத்தி பேசினாரு, எவ்ளோன்னு தமிழ்லயே எழுதி, அவருக்கு படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க. 5,000 தாண்டினா 1 ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும். அன்னிக்கு எடுத்த ஒரு போட்டோவ அதோட பின் பண்ணி வெச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

மாசா மாசம் 5ந்தேதி எஜுகேஷன் ஹெட்டும் நானும் 20 நிமிஷம் ஒக்காருவோம். ஒரே ஷீட், ஹெட் வாரியா நாலு காலம்: சாங்ஷன் ஆனது, செலவானது, கமிட் ஆனது, மிச்சம். மூணாவதுதான் எல்லாரும் விடறது. பஸ் புக் பண்ணியாச்சு, பில் வரல, பிரிண்ட்டருக்கு ஆர்டர் போயாச்சு, புக் வரல, இதெல்லாம் கையில இருக்கற காசு மாதிரியே தெரியும். எங்க டீம்ல ஒரு வருஷம் அப்படி நம்பி பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் செலவு பண்ணிட்டு, பிரிண்ட்டர் பில் வந்தப்ப முழிச்சோம். எம்ஓயுல "ஒரு ஹெட்லேருந்து இன்னொரு ஹெட்டுக்கு 10 சதவீதம் வரைக்கும் மாத்திக்கலாம்"னு ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேளுங்க, பெரும்பாலும் ஒத்துப்பாங்க, இந்த ஒரு வரில வருஷத்துக்கு பத்து மெயில் மிச்சம். கடைசித் தவணை 10 சதவீதம் ரிப்போர்ட் குடுத்த அப்புறம்தான்னு இருந்தா அந்தக் காசு வேற எங்கேருந்தாவது நாமதான் முன்ன போடணும், அதையும் கேஷ் ஃப்ளோல எழுதி வைங்க.

ரிப்போர்ட் பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. போறதுக்கு முன்னாடி 5 கேள்வி, வந்த அப்புறம் அதே 5 கேள்வி, பசங்க என்ன கத்துகிட்டாங்கன்னு காட்ட அது போதும். போட்டோவுக்கு பெத்தவங்க சம்மதக் கடிதம் தமிழ்ல பிரிண்ட் பண்ணி ட்ரிப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க, அந்த ஜெராக்ஸ் செலவும் பட்ஜெட்ல இருக்கட்டும்.

மிச்சக் காசு விஷயம் மட்டும் சொல்லிடறேன். ஜனவரி 5ந்தேதி ஷீட்லயே மார்ச்ல எவ்ளோ மிஞ்சும்னு ஓரளவு தெரிஞ்சுடும். ஒரு 38,000 மிஞ்சும் போலன்னா அத இன்னும் ரெண்டு ட்ரிப்புக்கு போடட்டுமா, ஒர்க்புக் ரீபிரிண்ட் பண்ணட்டுமா, அடுத்த வருஷத்துக்கு தள்ளட்டுமான்னு டோனருக்கு லெட்டர் எழுதி, பதில் எழுத்துல வாங்குங்க. அந்த லெட்டர போகிக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, பொங்கல் லீவு முடிஞ்சு வர்றவங்க மெயில தெறக்கவே இன்னொரு வாரம் ஆகும், அதுக்குள்ள ஸ்கூல்ல ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பிச்சுடும்.